மோட்டார் வரிசையில் பாப்பா பாட்டு

என் மகள் என்னை முதன்முதலாகக் கூப்பிட்ட சொல் ‘அங்கிள்’.

கோபப்பட வழியில்லை. நியாயம் அவள் பக்கம் இருந்தது. மலேசியாவின் ஜொகூர் பாருவில் குடியிருந்துகொண்டு பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரில் சம்பாதிக்கிற ஆள் நான். அவள் கண் விழிக்கும்போது நான் வீட்டில் இருப்பதில்லை. நான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் கண் விழித்திருப்பதில்லை. நடுவில் இருவரும் ஒரே கூரையின் கீழ் சில மணி நேரம் இருக்கிறோம் என்பது உண்மைதான். அந்த நேரம் முழுக்க இருவருமே தூங்குகிறோம். தூக்கத்தில் பழகி யாரும் நெருக்கமானதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பகலில் அவளைப் பார்த்துக்கொண்டது அடுத்த தெருவில் இருந்த ஒரு மலாய் அம்மாள். மக்சிக் என்று கூப்பிடுவோம். மக்சிக் வீட்டு வாசலுக்கு வரும் ஆண்களில் பலர் என் மகளுக்கு அங்கிள். எரிவாயு சிலிண்டர் இறக்குபவர் அங்கிள். மணியடித்துக்கொண்டு ரொட்டி விற்க வருகிறவர் அங்கிள். குப்பை லாரியின் பின்னால் தொங்கிக்கொண்டு போகிறவருக்கு அவள் தினமும் கையசைப்பாளாம், அவரும் அங்கிள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் தட்டுப்படுகிற, கைலி கட்டிய, மதியத்தில் குறட்டை விடுகிற ஆளையும் அவள் அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டாள். மற்ற அங்கிள்களாவது ரொட்டி கொண்டுவந்தார்கள்.

என் மனைவி இதைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு, நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“சின்னப் புள்ளதானே. பழகிட்டா சரியாப் போயிரும்” என்றாள்.

“எப்பப் பழகுறது?”

கிளினிக்கில் பதிவு மேசையில் உட்கார்ந்திருக்கிறவள் அவள். எல்லாருக்கும் நேரம் குறித்துக் கொடுப்பது அவள் தொழில். வீட்டில் எனக்கும் மகளுக்கும் குறித்துக் கொடுக்க அவளிடம் நேரம் இல்லை.

அந்த வாரம்தான் நான் புத்தகம் வாங்கினேன். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்க் கடை. ஊதுபத்தியும் பள்ளிக்கூட நோட்டும் மாவிலைத் தோரணமும் ஒரே வாசனையில் கலந்து கிடக்கும். மூலையில் சுழலும் கம்பித்தட்டில் குழந்தைப் பாட்டுப் புத்தகங்கள் இருந்தன. அட்டையையே தாளாக்கி, மூலைகளை வட்டமாக வெட்டி, கிழிக்கவே முடியாதபடி செய்த தடித்த புத்தகங்கள். ஒன்றில் வாத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட நடந்து போய்க்கொண்டிருந்தது. இன்னொன்றில் யானை, குளத்தில் குப்புறப் படுத்திருந்தது. முதுகு மட்டும் வெளியே தெரிய, அதை ஒரு தீவு என்று நினைத்து ஒரு தவளை ஏறி உட்கார்ந்திருந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டேன். வேலை செய்து வளர்க்கிற அப்பன் ஒன்றோடு நிறுத்தலாமா?

கடைக்கார அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“ரெண்டுமே வேணுமா தம்பி?”

“ஆமாக்கா. இது வாத்து, அது யானை.”

“சரி” என்று பையில் போட்டுக் கொடுத்தார். அந்த ‘சரி’யில் ஓர் இழுப்பு இருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும்.

வீட்டில் என் மனைவி இரண்டையும் கையில் வாங்கினாள். ஒன்றைத் திருப்பினாள். இன்னொன்றைத் திருப்பினாள்.

“ஏங்க, ரெண்டும் ஒண்ணுதான்.”

“இல்ல, இது வாத்துப் புத்தகம்.”

அதை அப்படியே கவிழ்த்துக் காட்டினாள். “இப்ப?”

“யானை” என்றேன்.

முன்னட்டையில் வாத்து, பின்னட்டையில் யானை. கம்பித்தட்டில் யாரோ ஒன்றை முன்பக்கமாகவும் ஒன்றைப் பின்பக்கமாகவும் செருகியிருக்கிறார்கள். கிடங்கில் நாள் முழுக்க ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி, பெட்டிகளின் நான்கு பக்கமும் பார்த்து ஏற்றி இறக்குகிறவன் நான். ஒரு புத்தகத்தின் இரண்டு பக்கத்தைப் பார்க்கத் தெரியவில்லை.

“இருக்கட்டும்” என்றாள் அவள். “ஒண்ண கடிச்சுத் தின்னுட்டா இன்னொண்ணு இருக்கும்.”

புத்தகம் சின்னதுதான். ஒரு கோப்பி ஆறுவதற்குள் எல்லாப் பாட்டையும் படித்துவிடலாம். ஆனால் படங்கள் இருக்கின்றனவே, அவற்றை அவ்வளவு சீக்கிரம் விட்டுவர முடியாது. நிறங்களெல்லாம் இப்போதுதான் தூங்கி எழுந்த மாதிரி கொஞ்சம் கலங்கி இருந்தன. வாத்தின் ஈரக் காலடிகள் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு நடந்து போயின. காக்கைப் பாட்டில் மரத்துக்கு மரம் கொடி கட்டி, அதில் ஒரே ஒரு குட்டிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. கடைசியில் ஓர் ஆமை, பிரம்புக் கூடையும் கையுமாக.

ஞாயிற்றுக்கிழமை குளித்து, சட்டை போட்டு, தலைகூடச் சீவிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வோர் எழுத்தின் கீழும் விரலை வைத்து, ஓர் உச்சரிப்பு பிசகாமல் வாசித்தேன்.

வாத்து அக்கா வந்தாளாம்
வாளித் தண்ணி குடிச்சாளாம்
குளிச்ச ஈரம் காயாமே
குடுகுடுன்னு நடந்தாளாம்.

அவள் வாத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். புத்தகத்தை மூடினாள். அதைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் போய், அம்மாவின் காலுக்குப் பின்னால் நின்று ஒரு மூலையைக் கடிக்க ஆரம்பித்தாள். குடுகுடுன்னு நடந்தது வாத்து மட்டும் இல்லை.

அப்போதுதான் என் மனைவி அந்த யோசனையைச் சொன்னாள்.

“காலையில பாலத்து டிராஃபிக் ஜேம்ல சும்மாதானே நிக்கிறீங்க. அந்த இன்னொரு புத்தகத்த எடுத்துட்டுப் போங்க. பாடி அனுப்புங்க. பசியாறும்போது நான் போட்டுக் காட்டுறேன். குரலாவது பழகட்டும்.”

“ஹெல்மெட்டோட எப்படிப் பாடுறது?”

“கண்ணாடிய தூக்கிவிட்டுட்டுப் பாடுங்க. உள்ளயே பாடினா உங்களுக்கு மட்டும்தான் கேக்கும். பாவம்.”

பாலத்தின் மோட்டார் சைக்கிள் வரிசையை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. விடிவதற்கு முன்பே அது நிரம்பிவிடும். கைப்பிடியோடு கைப்பிடி உரச, நூற்றுக்கணக்கான வண்டிகள். எல்லாரும் காற்றுக்கு மறைப்பாக ஜாக்கெட்டை முன்பக்கம் பின்பக்கம் மாற்றி அணிந்திருப்போம். முதுகுப் பக்கம் நெஞ்சில் இருக்கும். புதிதாகப் பார்க்கிறவருக்கு ஊரே அவசரத்தில் சட்டையைத் தப்பாகப் போட்டுக்கொண்டு வந்த மாதிரி தெரியும். எனக்கு அது வசதியாகப் போயிற்று. நெஞ்சுக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவில் புத்தகத்தைச் செருகிக்கொண்டேன். தடித்த அட்டை, காற்றுக்கும் தடுப்பு.

அந்த நேரத்துப் பாலம் முழுசாக விழித்த ஊரைச் சேர்ந்ததில்லை. முன்னால் கண்ணுக்கெட்டிய மட்டும் பின்விளக்குகளின் சிவப்பு. இரண்டு பக்கமும் கடல் இன்னும் இருட்டு. வானம் வெளுப்பதற்கு முன்பு தண்ணீர் வெளுக்கும். எங்கிருந்து அந்த வெளிச்சம் வருகிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பாதித் தூக்கத்தில் நிற்கிற கண்ணுக்குத் தண்ணீரில் மேடு மேடாக ஏதேதோ தெரியும். புத்தகத்தைப் படித்த பிறகு, அதில் ஒன்று யானையின் முதுகு என்று முடிவு செய்துவிட்டேன். அந்தப் பாட்டு இப்படி:

குண்டு யானை குளத்திலே
குப்புறத்தான் படுத்ததாம்
எழுந்து வான்னு கூப்பிட்டா
இன்னும் கொஞ்சம் என்றதாம்.

எழுதியவர் யாரோ, என் காலை நேரத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவராக இருக்க வேண்டும்.

வரிசை அசையாமல் நின்று, இஞ்சினையும் அணைத்துவிட்ட ஒரு நேரத்தில் கைப்பேசியை எடுத்தேன். “பாப்பா, பசியாறிட்டியா?” என்று கேட்டேன். பாடினேன். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் “திருப்பு” என்று சொன்னேன், அங்கே அவள் அம்மா பக்கம் திருப்ப வேண்டுமே. கிடங்கில் ஒரு நாளில் பேசுவதைவிட அதிகமாகப் பேசிவிட்டேன் என்று தோன்றியது. தலையைத் தூக்கினால் பக்கத்து வண்டிக்காரர், சிவப்பு ஹெல்மெட் போட்டவர், கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, மனசு சரியில்லையா?”

“மகளுக்கு, தம்பி. பாப்பா பாட்டு.”

“ஓ.” கொஞ்சம் யோசித்தார். “எந்த சுருதியில பாடுறீங்க?”

“சுருதி தெரிஞ்சா நான் ஏன் இங்க நிக்கிறேன்?”

“அதுவும் சரிதான் லா” என்றார். அவர் கப்பல் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்கிறவர். மறுநாளும் அதே இடத்தில், அதே நெரிசலில் பக்கத்தில் வந்து நின்றார். அதற்கு அடுத்த நாள் அவராகவே கேட்டார்:

“இன்னிக்கு காக்கா உண்டா அண்ணே?”

காக்கா காக்கா உன் சட்டை
யாரு துவைச்சுத் தந்தாங்க?
மழை துவைச்சுத் தந்தது
மரத்தில் காயப் போட்டேன் நான்.

இதில் ‘காக்கா காக்கா’ என்று நான் கூப்பிட்டதும் அவர் ‘கா’ என்று பதில் கொடுத்தார். நல்ல கனத்த ‘கா’. உண்மையான காக்கைகூட அந்த நேரத்தில் அவ்வளவு மனம் வைத்துக் கரையாது. முன்னால் நின்ற மலாய்க்காரர், வண்டிப் பெட்டியில் மீன் படம் ஒட்டியிருப்பவர், திரும்பிப் பார்த்து, என்ன இது என்று மலாயில் விசாரித்தார். மகளுக்குப் பாட்டு என்றேன். அவர் புத்தகத்தை வாங்கி, தெருவிளக்குக்கு நேராகப் பிடித்து, ஆமைப் படத்தை வெகுநேரம் பார்த்தார். இது எங்கே போகிறது என்று கேட்டார். ஆற்றைத் தாண்டிச் சந்தைக்கு என்றேன். “மோட்டார் லைன்ல போகுதா?” என்று மலாயில் கேட்டுவிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆமை மாமா எங்கே போறார்?
ஆற்றைத் தாண்டிச் சந்தைக்கு.
போயிச் சேரும் நேரத்தில்
பூட்டிப் போச்சு சந்தையே.

ஒருநாள் ‘சந்தையே’ என்று நான் முடிக்கவும் வரிசை நகரவும் சரியாக இருந்தது. பின்னால் இருந்தவர் ஹார்ன் அடித்தார். அது அப்படியே பதிவாகிப் போய்விட்டது. அந்தப் பதிவைத்தான் பாப்பா திரும்பத் திரும்பக் கேட்கிறாள் என்று மனைவி சொன்னாள். நான் அதை வரிசையில் சொல்ல, அதன் பிறகு ஆமை சந்தைக்குப் போய்ச் சேரும்போதெல்லாம் யாராவது ஒருவர் கடமை தவறாமல் ஹார்ன் அடித்தார். பெயர் தெரியாத மனிதர்கள். முகத்தில் பாதிதான் தெரியும். அவர்களுக்கும் வீட்டில் தூங்கும் பிள்ளைகள் இருந்திருக்கும்.

ஒரு காலை பெருமழை. மழைச்சட்டையை எடுப்பதற்குள் புத்தகம் ஊறிவிட்டது. அன்று கிடங்கில், நின்றிருந்த ஃபோர்க்லிஃப்ட்டின் வெதுவெதுப்பான மூடியின் மேல் விரித்துக் காயவைத்தேன். பக்கங்கள் எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய் மாதிரி உப்பிப் படலம் படலமாகப் பிரிந்தன. வாத்துக்கு இரண்டு தாடை வந்துவிட்டது. கூட வேலை செய்கிறவர்கள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மேற்பார்வையாளர் மட்டும் ஒரு பழைய துணியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அவர் வீட்டிலும் ஒரு வாத்து இருந்திருக்கலாம்.

சில மாதங்கள் இப்படிப் போயின. தினமும் நான் அனுப்புவேன். மனைவியிடமிருந்து ஒரு வரி வரும். ‘கேட்டாள்.’ ‘சிரித்தாள்.’ ‘இன்னொரு தடவை கேட்டாள், இட்லி முழுசும் இறங்கிருச்சு.’ எனக்கு அந்த வரிகள் நாள் முழுக்கத் தாங்கும். பெட்டிகளைத் தூக்கும்போது அவையும் எடை குறைந்து மேலே மிதக்கிற மாதிரி இருக்கும். பிறகு ஒருநாள் இப்படி வந்தது: ‘உங்களை அப்பான்னு கூப்பிட்டா.’

அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக நான் எப்படிக் காத்திருந்தேன் என்று எழுதினால் மானம் போகும். காலையிலேயே எழுந்து, சுருங்கிப்போன என் புத்தகத்தோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். மகள் தூக்கம் கலையாத முகத்தோடு வந்தாள். அவள் கையில் அவளுடைய புத்தகம் இருந்தது. யானையின் ஒரு காதைக் காணவில்லை, கடித்திருந்தாள். நேராக என்னைத் தாண்டிப் போனாள். மேசை மேல் இருந்த அம்மாவின் கைப்பேசியைக் காட்டி, “ப்பா” என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதை எடுத்துத் தரச் சொல்லி, மிக மரியாதையாக, “அங்கிள்” என்றாள்.

என் மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கரண்டியால் வாயை மூடிக்கொண்டாள்.

“நீ அப்பான்னு சொன்னது இதைத்தானா?” என்றேன்.

“நான் எழுதினது சரிதானே. உங்களத்தான் கூப்பிட்டா. நீங்க அதுக்குள்ள இருந்தீங்க.”

எனக்குப் போட்டியாக இன்னோர் ஆண் வந்திருந்தால் சண்டை போடலாம். வந்திருப்பது நானே. அதுவும் என்னைவிட நல்ல பெயரெடுத்த நான். என் சம்பளத்தில் வாங்கிய கைப்பேசிக்குள் உட்கார்ந்துகொண்டு, என் மகளின் அப்பா பதவியை எடுத்துக்கொண்டுவிட்டேன்.

விட்டுக்கொடுப்பதாக இல்லை. “வா தங்கம், அப்பாவே நேராப் படிக்கிறேன்” என்று புத்தகத்தை விரித்தேன். விரலை வைத்து, வாத்திலிருந்து ஆமை வரை நிறுத்தாமல் படித்தேன். அவள் கேட்டாள், இல்லை என்று சொல்லமாட்டேன். பேருந்தில் நம் நிறுத்தம் வரும்வரை பக்கத்து ஆள் பேசுவதைக் கேட்போமே, அப்படி. நான் முடித்ததும் மறுபடி கைப்பேசியைக் காட்டினாள்.

எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பதிவுகளை நான் அதுவரை ஒரு தடவையும் கேட்டதில்லை. பாடுவேன், அனுப்புவேன், வண்டியை நகர்த்துவேன். தன் குரலைத் தானே கேட்கும் தைரியம் எல்லாருக்கும் வராது. அன்று சோபாவின் ஒரு முனையில் நானும், மறுமுனையில் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு அவளுமாகக் கேட்டோம்.

முதலில் காற்று. பிறகு ஜாக்கெட்டுக்குள்ளிருந்து புத்தகத்தை இழுக்கும் சரசரப்பு. தூரத்தில் எங்கெங்கோ இஞ்சின்களின் முனகல், பெரிய மிருகம் ஒன்று மூச்சுவிடுகிற மாதிரி. பிறகு என் குரல்: “பாப்பா, பசியாறிட்டியா?”

அதன் பின் ஒன்றும் இல்லை. வெறும் முனகல். கைப்பேசி கெட்டுவிட்டதோ என்று நான் குனிந்தேன். என் மகள் அந்த அமைதியைப் பார்த்துத் தலையாட்டி, “ம்” என்றாள். அவள் சொல்லி முடித்ததும், “சரி, வாத்து எங்க இருக்கு?” என்றது குரல். மறுபடி அமைதி. அவள் சாவகாசமாகத் தன் புத்தகத்தை விரித்து, தேடி, வாத்தின் மேல் விரலை வைத்தாள். “ஆங், அதான்” என்றது குரல். இப்படியே போயிற்று. அவன் கேட்பான். காத்திருப்பான். அவள் பதில் சொல்வாள். அவன் மேலே போவான். காக்கை கரைந்தது, அவளும் கரைந்தாள். மழை வந்த நாளின் பதிவில் மழையும் இருந்தது. அவள் ஜன்னலைப் பார்த்தாள், வெளியே வெயில். அதைப் பற்றி அவள் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

அந்த ஆள் எவ்வளவு பொறுமைசாலி. ஒரு குழந்தை யோசித்து முடிக்கும்வரை எப்படி விட்டுக் காத்திருக்கிறான். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே அவனைப் பிடித்துப்போனது.

உண்மை வேறு. அந்த இடைவெளிகளை நான் அன்பினால் விட்டதாக எனக்கு நினைவே இல்லை. ஒவ்வொரு வரிக்கும் தலையைத் தூக்கி, முன்னால் வண்டி நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். நகராமல் நின்றால் பின்னால் இருப்பவர்கள் வாயில் வந்ததைச் சொல்வார்கள். அந்தப் பயத்தில் விட்ட மூச்சு அது. என் மகள் அதற்குள் ஒரு வீடு கட்டிக் குடியேறியிருந்தாள்.

“இப்படிப் படிக்க வேண்டியதுதானே?” என்றாள் மனைவி. அவளுக்கு இது எத்தனையோ காலைகளாகத் தெரிந்திருக்கிறது.

“எப்படி?”

“அங்க படிக்கிற மாதிரி.”

முயன்றேன். சோபாவில் உட்கார்ந்து, ஒரு வரி சொல்லிவிட்டுத் தலையைத் தூக்கினேன். எதிரே தொலைக்காட்சிதான் இருந்தது. அது நகர்கிறதா என்று பார்க்க முடியவில்லை. எவ்வளவு நேரம் பார்ப்பது என்றும் தெரியவில்லை. வாயால் இஞ்சின் சத்தம் கொடுத்துப் பார்த்தேன். என் மகள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. மக்சிக் வீட்டுக்கு வரும் அங்கிள்களில் யாரும் இவ்வளவு மோசம் இல்லை.

“நீங்க வெளிய போய் வண்டியிலயே உக்காருங்க” என்றாள் மனைவி. கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் நான் எழுந்து போய்விட்டேன்.

வாசல் கொட்டகையில் வண்டி நின்றிருந்தது. பழக்கம் விடவில்லை; உட்கார்ந்ததும் கை தானாக ஜாக்கெட்டை எடுத்து முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டது. கைலிக்கு மேல் ஜாக்கெட். நல்லவேளை, தெருவில் யாரும் இல்லை. மனைவி மகளைத் தூக்கிவந்து எனக்கு முன்னால் உட்காரவைத்து, தானும் பக்கத்திலேயே நின்றாள். மகளின் முதுகு விறைப்பாக இருந்தது. என்மேல் படாமல் முன்னால் சாய்ந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். என் புத்தகத்தை அவளுக்கு முன்னால் விரித்துவைத்தேன். உப்பிப்போன வாத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. விரலால் அழுத்திப் பார்த்தாள்.

“பாப்பா, பசியாறிட்டியா?” என்றேன்.

தலையைத் தூக்கினேன். எதிரே எங்கள் வாசல் இரும்புக் கதவு, அதற்கப்பால் வெறும் தெரு, ஞாயிற்றுக்கிழமை வெயிலில் மெல்ல அலை அலையாக ஆடிக்கொண்டு. எதுவும் நகர வேண்டியதில்லை. யாரும் பின்னால் இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

என் நெஞ்சுக்கு அருகே, வெகுநேரம் கழித்து, “ம்” என்று ஒரு குரல் வந்தது.

அவள் தலையைத் திருப்பி என் வாயைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையில் இருந்த கைப்பேசியைப் பார்த்தாள். அதன் விளக்கு அணைந்திருந்தது. மறுபடி என் வாயைப் பார்த்தாள். நான் வாத்து எங்கே என்று கேட்டேன். காத்திருந்தேன். அவள் என் வாயிலிருந்து கண்ணை எடுக்காமலே, கையை மட்டும் முன்னால் நீட்டி வாத்தைத் தொட்டாள்.

“ஆங், அதான்” என்றேன்.

யானை படுத்தது. நாங்கள் அதை எழுப்பவில்லை. காக்கைக்கு நான் நிறுத்தியபோது அவளே கரைந்தாள், சிவப்பு ஹெல்மெட்காரரின் அதே கனத்தில். ஆமை வந்தது. ‘சந்தையே’ என்று முடித்துவிட்டு நான் தெருவைப் பார்த்தேன். அவள் என்னையும் கைப்பிடியையும் மாறி மாறிப் பார்த்தாள். சாவியைத் திருப்பி, ஹார்ன் பொத்தானை அவளுக்குக் காட்டினேன். அழுத்தினாள். தெருவில் ஒரு நாய் எழுந்து உட்கார்ந்தது. அவள் அசந்துபோய் என் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டாள், பிறகு சிரித்தாள், பிறகு புத்தகத்தை மூடிக் கவிழ்த்து முதலிலிருந்து காட்டினாள்.

மறுபடி. பிறகு மறுபடி. மனைவி, “எனக்கு சோறு பொங்கணும்” என்று உள்ளே போனாள். மகள் அழவில்லை. போகிறவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு மனைவி மேல் கொஞ்சம் பரிதாபமாகவும், அதைவிட அதிகம் பெருமையாகவும் இருந்தது.

எத்தனையாவது யானையிலோ அவளுடைய பதில்கள் தாமதமாகின. வாத்து எங்கே என்று கேட்டேன். தெருவைப் பார்த்தபடி காத்திருந்தேன். எதிர்வீட்டு ரம்புத்தான் மரத்தின் நிழல் கதவைத் தாண்டி உள்ளே நீண்டு வந்தது. வெயில் தகரக் கூரையை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. காத்திருந்தேன். அந்த விறைத்த முதுகு கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்து, என் நெஞ்சில் இருந்த ஜாக்கெட்டின் முதுகுப் பக்கத்தில் முழுசாகச் சாய்ந்தது. குனிந்து பார்த்தேன். வாய் திறந்திருந்தது. விரல் புத்தகத்துக்குள், வாத்துக்குப் போகிற வழியில் நின்றிருந்தது.

எதிர்வீட்டு அக்கா குப்பை போட வெளியே வந்தார். கைலியும் ஜாக்கெட்டுமாக, நிற்கிற வண்டியில் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் என்னைக் கண்டு நின்றார்.

“என்ன தம்பி, ஞாயித்துக்கிழமையும் வேலையா?”

பதில் சொன்னால் எழுந்துவிடுவாள். தலையை மட்டும் அசைத்தேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

“ஏன் கிளம்பாம நிக்கிறீங்க? வண்டி மக்கரா? எங்க வீட்டு ஆள கூப்பிடட்டுமா?”

கண்ணால் கீழே காட்டினேன். அக்கா எட்டி, ஜாக்கெட்டின் மடிப்புகளுக்கு நடுவில் தலைமுடி தெரிவதைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஓ, அப்பாக்கிட்ட தூங்குறாளா” என்றார். குப்பைப் பையைச் சத்தம் வராமல் தொட்டிக்குள் இறக்கினார். போகும்போது தன் வீட்டுக் கதவையும் பூப்போல மூடினார்.

என் இடது கால் மரத்துப்போயிருந்தது. உள்ளே மனைவி எனக்கு மிகவும் பிடித்த மீன்குழம்பைத் தாளிக்கும் வாசனை வந்தது. சாப்பிடக் கூப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் என்று சொல்லக்கூட வாயைத் திறக்கவில்லை.